பாலூட்டும் தாயும் புருஷர் கடமையும்

தாயைத் தெய்வமென்று போற்றுவதில் நம்மவருக்கு இணையானவர் வேறெந்தத் தேசத்திலும் உண்டோ என்பது சந்தேகம். நாட்டைத் தாயென்கிறோம், பாஷையைத் தாயென்கிறோம், நதியையும் பூமியையும் தாயென்கிறோம். மேடை ஏறும் பிரசங்கி எவரும் தாய்ப்பாலோடு ஊட்டப்பெற்ற வீரத்தைப் பற்றியோ பாஷாபிமானத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்குவதில்லை. கேட்போரும் கை தட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பிரசங்கியின் வீட்டிலேயே, பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒரு பெண், நடு இரவில், முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிய, வீறிட்டு அழும் சிசுவை மடியில் போட்டுக்கொண்டு, தானும் சத்தமின்றி அழுதுகொண்டிருக்கக்கூடும். அது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், 'இது பெண்கள் காரியம்' என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அது பெண்கள் காரியம் மாத்திரமன்று என்பதையும், புருஷர்களின் அறியாமையாலும் அலட்சியத்தாலும் அநேக தாய்மாரின் பால் வற்றுகிறது என்பதையும் எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம். ராஜீய விஷயங்களுக்குரிய இடத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லுகிறோம். உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் உரிய முறைப்படி தாய்ப்பால் உண்ணுமாயின், வருஷந்தோறும் சுமார் 8,23,000 குழந்தைகளின் மரணத்தைத் தடுக்கலாமென்று 2016-ஆம் வருஷத்தில் 'லான்ஸெட்' என்னும் பிரசித்தி பெற்ற வைத்தியப் பத்திரிகையில் நிபுணர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். மார்புப் புற்றுநோயால் மாளும் பெண்களில் வருஷத்துக்கு 20,000 பேரையும் அதனால் காக்கலாமென்பது அவர்கள் முடிவு. இத்தனை உயிர்களைப் பற்றிய விஷயம் ராஜீய விஷயமல்லவென்றால், வேறு எதுதான் ராஜீய விஷயம்?

முதல் ஒரு மணி நேரம்

சிசு பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் வைக்கவேண்டும். ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூடக் கொடுக்கலாகாது. அதன்பின் மற்ற ஆகாரங்களோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் பாலூட்டலாம். இதுவே உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறும் விதி. இதில் கடினமானது யாதுமில்லை என்று தோன்றும். ஆயினும் நமது தேசத்தின் நிலைமையைப் பாருங்கள்.

2015-16-இல் எடுத்த நான்காவது தேசிய குடும்ப சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 78.9 பிரசவங்கள் வைத்தியசாலைகளில் நடந்தன. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது கணக்கெடுப்பில் இத்தொகை 88.6 ஆக உயர்ந்தது. சந்தோஷமே. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் உண்ட சிசுக்கள் எத்தனை? முந்திய கணக்கில் நூற்றுக்கு 41.6; பிந்திய கணக்கில் 41.8. வைத்தியசாலைக்குப் போகும் தாய்மாரின் தொகை நூற்றுக்கு ஏறக்குறையப் பத்து ஏறியும், இது இருந்த இடத்திலேயே நிற்கிறது. வைத்தியரும் தாதியும் பக்கத்தில் நிற்கும்போதே பாதிக்கு மேற்பட்ட சிசுக்களுக்கு அந்த முதல் மணி நேரம் வீணாகிறது என்பதே இதன் பொருள்.

காரணங்கள் பல. அறுத்துப் பிரசவம் செய்விக்கும் வழக்கம் பெருகிவிட்டது. ஐந்தாவது கணக்கின்படி இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 21.5 பிரசவங்கள் இவ்விதமாயின. நமது தமிழ் நாட்டிலோ 44.9. வயிற்றில் தையலோடு மல்லாந்து கிடக்கும் பெண்ணுக்கு, பக்கத்திலுள்ளோர் துணையின்றிச் சிசுவை எடுத்து அணைக்க முடியாது. முதுகெலும்பில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழ் மாத்திரம் மரத்துப்போகச் செய்யும் இக்காலத்தில், தாய் விழித்தே இருக்கிறாள். யாரேனும் சிசுவைத் தூக்கி மார்போடு சேர்த்துப் பிடித்தால் பால் உண்ணும். அப்படிப் பிடிக்க ஆளில்லை, ஆளிருந்தாலும் நேரமில்லை. சிசுவைத் துடைத்து, நிறுத்து, துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் சுற்றத்தார் கையில் கொடுத்து, அவர்கள் முகஜாடை பார்த்து முடிப்பதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

முதலில் சுரப்பது மஞ்சள் நிறமான கெட்டியான சீம்பால். முதல் நாளில் அது சில கரண்டி அளவே வரும். 'பாலே வரவில்லை' என்று வீட்டார் கலங்குவது இதைக் கண்டுதான். ஆனால் பிறந்த சிசுவின் இரைப்பை மிகச் சிறிது. அதற்கு அவ்வளவே போதும். நோயை எதிர்க்கும் சத்துக்கள் நிறைந்த அந்தச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, வந்த செல்வத்தைத் தெருவில் எறிந்துவிட்டுப் பிச்சைக்குப் போவது போலாகும்.

பால் சுரக்கும் விதம்

பால் என்பது மார்பில் நிரப்பி வைத்த குடத்து நீரன்று. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது நமது நாட்டுப் பழமொழி; அதுவே இங்கு விதி. சிசு சப்பும்போது தாயின் மூளையடியிலுள்ள கோளத்திலிருந்து இரண்டு சுரப்பு நீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. 'புரோலாக்டின்' என்பது பாலை உண்டாக்குகிறது; 'ஆக்ஸிடோஸின்' என்பது உண்டான பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. சிசு எவ்வளவு அடிக்கடி உண்கிறதோ அவ்வளவுக்குச் சுரப்பு மிகும். இடையில் புட்டிப்பால் புகுத்தினால், சிசு மார்பில் உண்பது குறையும். உண்பது குறைந்தால் சுரப்பும் குறையும். 'பால் போதவில்லை' என்று புட்டியை எடுத்தவர்கள், புட்டியை எடுத்ததாலேயே பால் போதாமற் போவதைக் காண்கிறார்கள்.

இனி நாம் சொல்லப்போவதைப் புருஷர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். பாலைத் தள்ளும் அந்த இரண்டாவது சுரப்பு நீர் தாயின் மனோநிலைக்கு உட்பட்டது. சிசுவின் குரலைக் கேட்டாலே சில தாய்மாருக்குப் பால் தானே பெருகும். கடும் வலி, பயம், அவமானம், கவலை இவை அதைத் தாற்காலிகமாய்த் தடுத்துவிடும். ஆகவே, 'உனக்குப் பாலே இல்லை' என்று மாமியார் சொல்லும் சொல்லும், 'இந்தக் குழந்தையை அடக்கத் தெரியாதா?' என்று புருஷன் போடும் அதட்டலும் வெறுங் காற்றாய்ப் போவனவல்ல. அவை அந்நேரத்துப் பாலைத் தடுக்கும் வல்லமையுடையன. வீட்டில் ஒருவன் வாயிலிருந்து வரும் சுடுசொல்லுக்கும் தொட்டிலிலுள்ள சிசுவின் பசிக்கும் இவ்வளவு நேரான சம்பந்தமுண்டென்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

உடலின் வேதனை

பாலூட்டுதல் இயற்கையானது என்கிறார்கள். உண்மையே. நடப்பதும் இயற்கையானதுதான், ஆயினும் குழந்தை விழுந்து விழுந்தே நடக்கக் கற்கிறது. பாலூட்டுவதைத் தாயும் கற்கவேண்டும். உண்பதைச் சிசுவும் கற்கவேண்டும்.

புதிதாய்ப் பிறந்த சிசு ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், 8 முதல் 12 முறை வரையில் பால் உண்ணும். ஒரு முறைக்கு அரை மணி நேரமென்று வைத்தாலும், பத்து முறைக்கு ஐந்து மணி நேரமாகிறது. ஏப்பம் விடச்செய்தல், துணி மாற்றுதல், மறுபடி தூங்கச் செய்தல் இவற்றையும் கூட்டிப் பாருங்கள். இது பகலில் மாத்திரம் நடப்பதன்று. இரவும் பகலும் சிசுவுக்கு ஒன்றே. ஆலையில் வேலை செய்பவனுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாதென்று போராடினோம், போராடியது நியாயமே. இந்தப் பெண்ணின் வேலை நேரத்தைக் கணக்கிட்டவர் யார்?

இவ்வேலையை அவள் ஆரோக்கியமான சரீரத்தோடு செய்கிறாளென்றும் நினைக்கவேண்டாம். பிரசவத்துக்குப் பின் நாலு முதல் ஆறு வாரம் வரையில் உதிரப்போக்கு இருக்கும். தையல் இழுக்கும். சிசு பால் உண்ணும்போதே கருப்பை சுருங்குவதால் அடிவயிற்றில் நோவெடுக்கும். இரண்டாவது மூன்றாவது பிரசவங்களில் அந்நோவு அதிகம். சிசு காம்பை மாத்திரம் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வவேண்டும். இது சரியாக அமையாவிடில் காம்பு வெடித்துப் புண்ணாகும். ஒவ்வொரு முறையும் சிசுவை அணைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ளும் தாய்மார் அநேகர். மூன்றாம் நாள் நாலாம் நாள் அளவில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய் இறுகும். அதை வெளியேற்றாமல் விட்டால் அழற்சி உண்டாகிக் குளிர்காய்ச்சல் காணும். மேலும் கவனியாமல் விட்டால் சீழ்க்கட்டியாகிக் கத்தி வைக்க நேரும். காய்ச்சல் வந்தவுடன் பாலூட்டலை நிறுத்தும் வழக்கம் தவறு. பால் தொடர்ந்து வெளியேறுவதே இதற்கு முதல் சிகிச்சை. உடனே வைத்தியரிடம் காட்டவும் வேண்டும்.

இப்பெண் ஒரு நாளில் சுமார் 750 மில்லி லிட்டர் பாலைத் தன் உடலிலிருந்து கொடுக்கிறாள். அதற்கு அவளுக்கு வழக்கத்துக்கு மேல் 500 கலோரி அளவுக்கு ஆகாரம் வேண்டும். நமது வீடுகளில் நடப்பதென்ன? பத்தியமென்று சொல்லிக் காய்கனிகளை விலக்குகிறார்கள். வயிறு பெருக்குமென்று தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாற்பது நாள் கழிந்தபின் அவள் மறுபடியும் எல்லோரும் உண்டபின் உண்பவளாகிறாள். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகையுடையவர்களென்று ஐந்தாவது கணக்கெடுப்பு சொல்லுகிறது. இரத்தமில்லாத உடலிலிருந்து பால் மாத்திரம் குறைவின்றி வரவேண்டுமென்பது என்ன நியாயம்!

சிசுவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பிறந்த சில நாட்களில் சிசுவின் எடை சிறிது குறைவது சகஜம். பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புமாயின் கவலையில்லை. முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால், பால் போதுமென்று அறியலாம். சிசு அழுவதை வைத்துப் பாலை அளக்கலாகாது. ஆறு வாரம் வரையில் அழுகை நாளுக்கு நாள் அதிகமாகிப் பிறகு குறைவது சிசுக்களின் சுபாவம். பாலுண்ண மறுத்தல், துவண்டு கிடத்தல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், மூச்சு வாங்குதல், வலிப்பு, மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவுதல் ஆகிய இக்குறிகளில் ஒன்றைக் கண்டாலும் ஜாமம் பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். வேப்பிலை அடிக்கவும் மந்திரிக்கவும் போய் நேரத்தைப் போக்குவது உயிருக்கே உலையாகும்.

மனத்தின் பாரம்

உடலின் வேதனையையாவது சொல்லிக்கொள்ளலாம். மனத்தின் பாரத்தைச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பிரசவமான முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வருவதும், எரிச்சலும் பயமும் மாறி மாறி வருவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு நேரும். இரண்டு வாரத்துக்குள் இது தானே தெளியும். தெளியாமல் நீடிப்பது வேறு. 'நான் இருந்தென்ன' என்னும் சோர்வு, சிசுவின்மேல் பற்றின்மை, தூங்க நேரம் வாய்த்தும் தூக்கம் வராமை, உலகமே வெறுத்துப்போதல் இவை ஒரு வியாதியின் குறிகள். ஆயிரம் பிரசவங்களில் ஒருவர் இருவருக்குப் புத்தி கலங்கி, இல்லாததைக் காண்பதும் கேட்பதும் உண்டாகலாம்; அது தாமதிக்கக்கூடாத அபாயம்.

இது மேல்நாட்டு நாகரிகத்தால் வந்த வியாதியென்று ஏளனம் செய்வோர் உளர். அவர்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆராய்ச்சியை அறியவேண்டும். 2002-ஆம் வருஷத்தில் வெளியான அந்த ஆராய்ச்சியில், பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு இச்சோர்வு நோய் புதிதாய் வந்ததாகக் கண்டார்கள். அதே வருஷத்தில் வெளியான கோவா நாட்டு ஆராய்ச்சியில், பிரசவமான ஆறு முதல் எட்டு வாரத்தில் நூற்றுக்கு 23 தாய்மாரிடம் இதைக் கண்டார்கள்.

தொகையைவிடக் காரணங்களே நம்மைத் தலைகுனியச் செய்கின்றன. வேலூர் ஆராய்ச்சியாளர் கண்ட காரணங்கள் யாவை? வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கை உதவிக்கு ஆளில்லாமை. கோவாவிலும் வறுமை, புருஷனோடு ஒற்றுமையின்மை, பெண் பிறந்தது என்பவையே காரணங்களாய் வந்தன. இவற்றில் எது கிருமியால் வந்தது? எது விதியால் வந்தது? பெண் பிறந்ததென்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிரசவ வார்டிலிருந்து வெளியேறியவன் எவனோ, அவனே இந்நோய்க்கு வித்திட்டவன். சிசு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் வித்தே என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்த சாஸ்திர உண்மை. குற்றமில்லாத விஷயத்தைக் குற்றமாக்கி, அதற்குத் தண்டனையை யாதொரு சம்பந்தமுமில்லாதவள்மேல் சுமத்துகிறோம்.

இந்நோய் குணப்படுத்தக் கூடியது. ஆதரவான பேச்சும், தூக்கமும், கை உதவியும் இலேசான நிலையில் பெரும் பயன் தரும். முற்றிய நிலையில் வைத்தியமும் மருந்தும் உண்டு. பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கத்தக்க மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் நமது பெண்கள் 'மனம் சரியில்லை' என்று சொல்வதில்லை. தலைவலி, உடம்பு வலி, அசதி என்றே சொல்லுவார்கள். கேட்கும் செவி வேண்டும்.

கிழவிகளின் ஞானம்

பழைய வழக்கங்களையெல்லாம் மூடத்தனமென்று தள்ளுவதும் நமது கருத்தன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும், சில வாரங்கள் வேறு வேலை கொடாமல் தாயையும் சேயையும் ஒன்றாய் வைத்திருப்பதும் நல்ல ஞானமே. பூண்டும் பால்சுறாவும் ஆக்கிக் கொடுத்த கைகள் அன்புள்ள கைகள். நம் வீட்டுப் பாலாடையைப் பாருங்கள். மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணத்தை இன்று வைத்தியசாலைகளில் குறைமாதச் சிசுக்களுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைப் புகட்ட உபயோகிக்கிறார்கள். 'பாலாடை' என்னும் பெயராலேயே சர்வதேச வைத்திய நூல்களில் அது வழங்குகிறது. ரப்பர் காம்பு வைத்த புட்டியைவிட அது கழுவுவதற்கு எளிது. கிருமி தங்க இடங்கொடாது.

ஆயினும் பிறந்தவுடன் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கம் அபாயமானது. தேனில் சிசுக்களைக் கொல்லக்கூடிய விஷக்கிருமி இருக்கலாம். ஒரு வயது வரையில் தேன் ஆகாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவதும், தொப்புளில் சாம்பல் வைப்பதும் அத்தகையனவே. நல்லதைப் பாராட்டி அல்லதை விலக்குவதே விவேகம். இதைக் கிழவிகளிடம் பணிவோடு எடுத்துச் சொல்லவேண்டியவன் பெற்ற மகனேயன்றி, வந்த மருமகளல்லள். அவள் சொன்னால் வாயாடி என்பார்கள். அவன் சொன்னால் கேட்பார்கள்.

வியாபாரத்தின் கை

இனி, தாயின் பலவீனத்தில் லாபம் தேடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லுவோம். 1939-ஆம் வருஷத்தில் சிங்கப்பூரில் ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் வைத்திய மாது, கெட்டிப்பால் டப்பிகளை விற்பதற்காகச் செய்யும் பொய்ப் பிரசாரத்தால் சிசுக்கள் சாவதைக் கண்டு, அதைக் கொலையென்றே கருதவேண்டுமென்று 'ரோட்டரி' சங்கத்தார் முன் துணிந்து பேசினார். பிரபல பால்மாவுக் கம்பெனி ஒன்றின் சாமான்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் 1977-இல் அமெரிக்காவில் தொடங்கிப் பல தேசங்களுக்குப் பரவிற்று. 1981-இல் ஜினீவாவில் கூடிய உலக சுகாதார மகாசபை, தாய்ப்பாலுக்குப் பதிலான பண்டங்களின் வியாபாரத்துக்கு விதிகள் வகுத்தது. 118 தேசங்கள் அதை ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த தேசம் ஒன்றே, அமெரிக்கா.

நமது தேசம் 1992-இல் இதற்கெனத் தனிச் சட்டம் செய்து, 2003-இல் அதை மேலும் கடுமையாக்கிற்று. பால்மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும், வைத்தியர்களுக்கு வெகுமதி கொடுப்பதும் குற்றம். டப்பியின்மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ போடலாகாது. சட்டம் நல்ல சட்டமே. ஆயினும் சுமார் 5,500 கோடி டாலர் பெறுமான வியாபாரமென்று 2022-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் மதிப்பிட்ட இத்தொழில் சும்மா இருக்குமா? பத்திரிகையில் நுழைய முடியாத விளம்பரம் கைத்தொலைபேசி வழியாய், யோசனை சொல்லும் சிநேகிதி வேஷத்தில், நடு இரவில் விழித்திருக்கும் தாயிடமே வருகிறது.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் திடமாய்ச் சொல்லுகிறோம். எவ்வளவு முயன்றும் பாலூட்ட இயலாத தாய்மார் இருக்கிறார்கள். கடும் வியாதி, சில மருந்துகள், மார்பில் நடந்த அறுவைச் சிகிச்சை முதலிய காரணங்கள் உண்டு. அவர்களுக்குப் பால்மா தேவையான மருந்து போன்றது. புட்டியைக் கையில் கண்டவுடன் தாயைக் குற்றவாளியைப்போல் பார்ப்பது கொடுமை. வியாபாரியைக் கண்டிக்கிறோம், தாயைக் கண்டிக்க நமக்கு அதிகாரமில்லை. குறைமாதச் சிசுக்களுக்கு மற்றத் தாய்மார் உவந்தளித்த பாலைச் சேமித்துக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கிகளும் உண்டு. ஆசியாவில் இவற்றுள் முதலாவது 1989-இல் பம்பாய் சயான் வைத்தியசாலையில் அர்மீடா பெர்னாண்டஸ் என்னும் வைத்திய மாதின் முயற்சியால் ஏற்பட்டது நமக்குப் பெருமை.

சட்டமும் அதன் எல்லையும்

பிரசவ கால ஓய்வு தொழிலாளிப் பெண்களின் உரிமை என்பதை இத்தேசத்தில் முதலில் சட்டமாக்கியது 1929-ஆம் வருஷத்துப் பம்பாய்ச் சட்டம். அம்மசோதாவைச் சட்டசபையில் ஆதரித்துப் பேசியவர்களுள் டாக்டர் அம்பேத்கர் ஒருவர். சென்னை மாகாணம் 1934-இல் தனக்கும் ஒரு சட்டம் செய்துகொண்டது. தேசம் முழுமைக்கும் 1961-இல் சட்டம் வந்தது. 2017-இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வார ஓய்வு 26 வாரமாய் உயர்ந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் ஸ்தலங்களில் குழந்தைக் காப்பகமும் விதிக்கப்பட்டது. இவ்விதிகள் 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கின்றன.

ஆனால் கவனியுங்கள். உலக விதி ஆறு மாதம் முழுவதும் தாய்ப்பாலே ஊட்டச் சொல்லுகிறது. 26 வாரம் ஓய்வு பெறுபவளுக்கே அது கைகூடும். நாற்று நடுபவளுக்கும், சித்தாளுக்கும், பீடி சுற்றுபவளுக்கும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் இருபத்தாறு வாரத்தை யார் கொடுப்பார்? நமது தேசத்தில் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோர் இவர்களே. தமிழ் நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் பிரசவ உதவித் தொகை 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015-இல் திறக்கப்பட்டன. நல்ல ஆரம்பமே. ஆயினும் கூலி போனால் அடுப்பெரியாதவளுக்கு ஆறு மாதக் கூலிக்கு ஈடு கிடைக்கும் வரையில், 'தாய்ப்பாலே சிறந்தது' என்று சுவரில் எழுதி வைப்பது அவளுக்கு உபதேசமாகுமேயன்றி உதவியாகாது. தொழிற்சங்கங்களில் உழைக்கும் நமது நண்பர்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதைக் கடைசியில் வைக்காமல் முன்னால் வைக்கவேண்டுமென்பது நமது விண்ணப்பம்.

புருஷர் செய்யவேண்டுவன

'எங்கள் பாட்டி பத்துப் பெற்று வளர்த்தாள். அப்போது இவ்வளவு பேச்சு இல்லையே' என்று சிலர் சொல்லுவார்கள். பாட்டி பெற்றது பத்து; மிஞ்சியது எத்தனையென்று கேட்டுப் பாருங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தேசத்தில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் சுமார் 200 ஓராண்டு முடியுமுன் மாண்டன. 2020-இல் அத்தொகை 28. அன்றியும் பாட்டிக்குக் கூட்டுக் குடும்பத்தில் அத்தையும் சித்தியும் நாத்தனாரும் கைமாற்ற இருந்தார்கள். இன்று பட்டணத்தில் இரண்டு அறைகளில் புருஷனும் மனைவியும் மாத்திரமே. அந்த அத்தனை பேருடைய வேலையும் இப்போது ஒருவன்மேல் விழுந்திருக்கிறது. அவன் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

பால் கொடுப்பதைத் தவிர மற்றவையெல்லாம் புருஷன் செய்யக்கூடியவையே. சிசுவைத் துடைக்கலாம், துணி அலசலாம், ஏப்பம் விடச் செய்யலாம், தோளில் போட்டு உலாவலாம். தாய் பாலூட்ட உட்காருமுன் ஒரு செம்பு தண்ணீரை அவள் கைக்கெட்டும்படி வைக்கலாம். அவள் உண்டபின் தான் உண்ணலாம். இரவில் ஒரு முறையேனும் சிசுவை எடுத்துக்கொடுத்து, மறுபடி வாங்கித் தூங்கவைக்கலாம். பார்க்க வருவோர் கூட்டத்தை வாசலிலேயே பணிவாய் நிறுத்தலாம். பெண் பிறந்ததற்கு அனுதாபம் சொல்ல வருபவனுக்கு முதல் ஆளாய்ச் சர்க்கரை கொடுக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை, 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று சிசுவைப் பற்றியன்றி அவளைப் பற்றியே கேட்டு, பதில் முடியும் வரையில் உட்கார்ந்திருக்கலாம்.

இவற்றில் ஒன்றுக்காவது பணம் வேண்டுமா? படிப்பு வேண்டுமா? சர்க்கார் உத்தரவு வேண்டுமா? புருஷனென்ற வீண் கௌரவத்தைச் சிறிது நேரம் ஆணியில் மாட்டி வைக்கவேண்டும்; அவ்வளவே.

தேசத்துக்காகச் சிறை சென்றவர்களையும் அடிபட்டவர்களையும் நாம் வணங்குகிறோம். பிரஜைகளை உண்டாக்கி, உதிரத்தைப் பாலாக்கி, உறக்கத்தை விலையாய்க் கொடுத்து வளர்ப்பவளுடைய தியாகத்துக்கு மாலையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. அவள் அவற்றைக் கேட்கவும் இல்லை. அவள் கேட்பது இரண்டு மணி நேரத் தூக்கம், சூடான சோறு, கோபமில்லாத ஒரு வார்த்தை.

இன்றிரவு கூட்டம் முடிந்து வீடு திரும்பும் நண்பர், வீட்டில் கைக்குழந்தையுடையவராயின், தாயின் பெருமையைப் பற்றிப் பேசிய களைப்போடு பாயைத் தேடவேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, நேரே உள்ளே போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும்.